கவசம் மினுக்குகிறது, ஆனால் இரும்பாகத் தெரியவில்லை: மினியேச்சரில் உலோகமும் ரோமமும்

வாசகர் கேள்வி, 4 ஜனவரி 2025

75 மி.மீ. ரெசின் மினியேச்சர், அதாவது நாமே வண்ணம் தீட்டும் குட்டி உருவம். கற்பனை உலகத்துப் போர்த்தலைவன். உடல் முழுக்கத் தகட்டுக் கவசம், தோளில் ஓநாய்த் தோல். லெட்பெல்ச்சர் (கருவெள்ளி மெட்டாலிக் பெயிண்ட்) அடித்து, நுல்ன் ஆயில் வாஷ் (பள்ளங்களில் தங்கும் நீர்த்த கறுப்பு) ஓடவிட்டு, ஸ்டார்ம்ஹோஸ்ட் சில்வரால் (பளிச்சென்ற வெள்ளி) விளிம்பு இழுத்தேன். ரோமத்துக்குப் பழுப்பு, மேலே வெளிர் நிறத்தில் டிரை பிரஷ் (பெயிண்டைத் துடைத்த பிரஷால் மேடுகளை மட்டும் தேய்ப்பது). எல்லாம் வீடியோவில் காட்டியபடிதான். கவசம் மினுக்குகிறது, ஆனால் இரும்பாகத் தெரியவில்லை. ரோமம் கோடு கிழித்த தோலாகத்தான் இருக்கிறது. விலை கூடிய மெட்டாலிக் வாங்க வேண்டுமா? இல்லை, மினுக்காத வண்ணத்தாலேயே உலோகம் தீட்டும் என்.எம்.எம். பழகினால்தான் விடிவா?

4 ஜனவரி, இரவு 9.50

புது பாட்டில் வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பதே போதும்.

மெட்டாலிக் பெயிண்டுக்குள் இருப்பது பொடித் தகடுகள். சிலவற்றில் அலுமினியம், சிலவற்றில் அப்பிரகம். ஒவ்வொரு தகடும் ஒரு குட்டிக் கண்ணாடி. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடக்கும், அதனால் தோள், மார்பு, தொடை எல்லா இடத்திலும் ஒரே அளவு மினுக்கம் வரும். நிஜக் கவசம் அப்படி மினுக்குவதில்லை. துலக்கிய எஃகுக்குச் சொந்த நிறம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. சுற்றி இருப்பதைத்தான் திருப்பிக் காட்டுகிறது. ஜன்னல் இருக்கும் பக்கம் கண் கூசும் வெளிச்சம், அதை ஒட்டியே இருட்டான சுவர். அந்த இரண்டும் அடுத்தடுத்து, நடுவில் இதமான இடைநிலை இல்லாமல் நிற்பதைப் பார்த்துத்தான் நம் கண் "இது உலோகம்" என்று முடிவு செய்கிறது.

உங்கள் கவசத்தை மொபைலில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தால் குறை அங்கேதான். வெள்ளியைக் கூட்ட வேண்டாம், இருட்டைக் கூட்டுங்கள். கவசத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது ஏறக்குறையக் கறுப்புக்குப் போக வேண்டும்.

4 ஜனவரி, இரவு 10.15

எங்கே இருட்டு வரும் என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு சொம்பு, ஒரு தட்டு எடுத்துவந்து, விளக்கை ஒரே பக்கம் வைத்துப் பாருங்கள். மீதி நாளைக்கு.

5 ஜனவரி, காலை 7.20

டம்ளரில் வெளிச்சம் மேலிருந்து கீழாகப் பட்டையாக ஓடும். அந்தப் பட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டை, இருட்டு. இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியது மாதிரி எல்லை. அந்தப் பக்க விளிம்பை நெருங்கும்போது மங்கலாக ஒரு வெளிச்சம் மறுபடி தலைகாட்டும். புதிதாக அடிப்பவர்கள் அந்த இரண்டாவது வெளிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். கை, கால் கவசம் உருண்டையாகத் தெரிய அதுதான் வேண்டும்.

சொம்பின் வயிற்றில் வெளிச்சம் புள்ளியாகக் குவிந்திருக்கும். சுற்றிலும் வளையம் வளையமாக மங்கும். தட்டையான தட்டில் ஒரு ஓரம் வெளிச்சம், எதிர் ஓரம் இருட்டு, நடுவில் நீளமான சரிவு. தட்டைக் கொஞ்சம் சாய்த்தால் எல்லாம் தலைகீழாகும்.

இதை உங்கள் உருவத்தில் வைத்துப் பாருங்கள். முன்கை, தொடை, கணைக்கால் எல்லாம் டம்ளர். முழங்கால் மூடியும் தலைக்கவச உச்சியும் சொம்பு. வாளும் இடுப்புத் தகடுகளும் தட்டு. வாளின் நடு மேட்டுக்கு இந்தப் பக்கம் மேலே வெளிச்சம் என்றால், அந்தப் பக்கம் மேலே இருட்டு. அந்த மாற்றத்தைச் செய்த உடனேயே வாளுக்குக் கூர்மை வந்துவிடும்.

விளிம்பு இழுப்பது கடைசி வேலை. எல்லா விளிம்பையும் ஒரே கனத்தில் இழுத்தால் உருவம் கோட்டோவியமாகிவிடும். விளக்கைப் பார்க்கும் விளிம்புக்கு மட்டும் ஸ்டார்ம்ஹோஸ்ட் போதும்.

6 ஜனவரி, இரவு 8.40

என்.எம்.எம். பற்றி இங்கே சூடாகப் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. தெரியாதவர்களுக்கு: நான்-மெட்டாலிக் மெட்டல் என்றால் மினுக்கும் பெயிண்டே தொடாமல், சாதாரண வெள்ளை, சாம்பல், கறுப்பு, நீலம் வைத்தே உலோகத்தைத் தீட்டுவது. மினுக்கும் பெயிண்டால் அடிப்பது டி.எம்.எம். "என்.எம்.எம். தான் உண்மையான திறமை, மற்றது குறுக்கு வழி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வாதம் பழையது. 1435இல் இத்தாலியில் அல்பெர்ட்டி என்ற அறிஞர் ஓவியக் கலை பற்றி எழுதியபோதே, படத்தில் பொன் வர வேண்டிய இடத்தில் பொன் தகடு ஒட்டாமல் வெறும் வண்ணத்தால் பொன்னைக் காட்டுபவனையே பாராட்ட வேண்டும் என்று எழுதிவிட்டார். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது: ஒட்டிய தகடு ஒரு கோணத்தில் பளிச்சிடும், இன்னொரு கோணத்தில் கறுத்துப்போகும், ஓவியன் நினைத்த இடத்தில் ஒளி நிற்காது. அடுத்த ஆண்டு, 1436இல், ஓவியர் வான் ஐக் முடித்த படம் ஒன்று பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் இருக்கிறது. பாதிரியார் வான் டெர் பாலெ மரியாளின் முன் முழங்காலிட்டிருக்கும் படம். அதில் புனித ஜார்ஜின் கவசத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எஃகில் மரியாளின் சிவப்பு உடை பிரதிபலிக்கிறது. எல்லாமே சாதாரண எண்ணெய் வண்ணம்.

மறுபக்கம் தஞ்சாவூர் ஓவியம். அங்கே பொன் தகடே ஒட்டுகிறார்கள், அதுவும் மேடு கட்டி ஒட்டுகிறார்கள். விளக்கின் முன் ஆள் நகர நகரப் பொன்னும் அசைகிறது. பூஜை அறைக்கு அந்த அசைவுதான் அழகு. யாரும் அதைக் குறுக்கு வழி என்று சொல்வதில்லை.

மினியேச்சரிலும் இதே கணக்குதான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே பக்கம் பார்க்க வைக்கும் உருவம், போட்டோவுக்கு, போட்டிக்கு என்றால் என்.எம்.எம். அசத்தும். 1987இல் தொடங்கிய கோல்டன் டீமன் என்ற மினியேச்சர் வண்ணப் போட்டியில் பரிசு வாங்கிய உருவங்களின் படங்களைப் பார்த்தால் தெரியும். கையில் எடுத்துத் திருப்பி, மேசையில் வைத்து விளையாடும் உருவம் என்றால் தீட்டிய ஒளி ஒரே இடத்தில் உறைந்து நிற்கும், அறை விளக்கோடு சண்டை போடும். அதற்கு டி.எம்.எம். நல்லது. எனக்குப் பிடித்தது இரண்டும் கலந்தது: மெட்டாலிக் அடித்து, அதன்மேல் மினுக்காத இருட்டை கிளேஸாக (நன்றாக நீர்த்த மெல்லிய பூச்சாக)த் தீட்டி, ஒளியின் இடத்தை நானே தீர்மானிப்பது. இருட்டு அசையாது, வெளிச்சம் அசையும். இரண்டின் நன்மையும் கிடைக்கும்.

எந்த வழி போனாலும் டம்ளர் பாடம் ஒன்றுதான். அதைப் பார்க்காமல் என்.எம்.எம். அடித்தால் சாம்பல் நிறத் துணிதான் கிடைக்கும்.

6 ஜனவரி, இரவு 11.05

சின்ன விஷயம். மெட்டாலிக் கழுவிய தண்ணீரில் ரோமத்துக்கான பிரஷைக் கழுவாதீர்கள். தகடுகள் ஒட்டிக்கொண்டு ஓநாய் முதுகில் ஜரிகை மின்னும். இரண்டு கிண்ணம் வையுங்கள். வெட் பேலட்டிலும் (ஈரத் தாள் விரித்த வண்ணத் தட்டு) மெட்டாலிக்கைப் போடாதீர்கள், ஈரத்தில் பரவித் தகடு தனியே, நீர் தனியே பிரிந்துவிடும். பீங்கான் சாசர் போதும்.

8 ஜனவரி, மாலை 6.30

மேலே "கறுப்பு" என்று எழுதினேன். அதை பாட்டில் கறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கறுப்பை அப்படியே கிளேஸ் செய்தால் எஃகு கரி படிந்த மாதிரி செத்துப்போகும்.

வெட்டவெளியில் நிற்கும் வீரன் என்று வைத்துக்கொள்வோம். மேல்நோக்கிய தகடுகள் வானத்தைப் பார்க்கின்றன, அவற்றில் நீலம் வரும். கீழ்நோக்கியவை மண்ணைப் பார்க்கின்றன, அவற்றில் பழுப்பு. இரண்டும் சந்திக்கும் தொடுவானம் இருட்டுக் கோடு. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே வானம் வெளுத்து, அதுதான் ஆக வெளிச்சமான இடம். வானம்-பூமி முறை என்று இதை முழுதாகச் செய்தால் குரோம் போல வரும். போர்த்தலைவனுக்கு அவ்வளவு வேண்டாம், சாயல் போதும்: மேல்பக்க நிழலில் கருநீலம், கீழ்ப்பக்க நிழலில் ரைனாக்ஸ் ஹைட் போன்ற கரும்பழுப்பு, இரண்டும் நன்றாக நீர்த்தது.

கிளேஸ் போடும்போது ஒரு கைப்பழக்கம் உண்டு. பிரஷ் எந்த இடத்தில் பரப்பை விட்டு எழும்புகிறதோ அங்கேதான் பெயிண்ட் அதிகம் தங்கும். அதனால் நிழல் போடுகிறீர்கள் என்றால் வெளிச்சத்தில் தொடங்கி இருட்டை நோக்கி இழுத்து, இருட்டில் எடுங்கள். திரும்பத் திரும்ப, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு. நம் ஊர் வெக்கையில் மின்விசிறிக்குக் கீழே பெயிண்ட் பிரஷ் நுனியிலேயே காய்கிறது. விசிறியை நிறுத்துங்கள் அல்லது காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு துளி சேருங்கள்.

துலக்கம் குறைந்த கவசம் வேண்டும் என்றால் எல்லைகளை மென்மையாக்குங்கள். பரப்பு சொரசொரப்பாக ஆக ஆக ஒளிப்பட்டை அகலமாகி மங்கும். கீறல் போடும்போது முதலில் கரும்பழுப்பில் மெல்லிய கோடு, அதன் கீழ்விளிம்பை ஒட்டி வெள்ளி. வெளிச்சம் மேலிருந்து வரும்போது பள்ளத்தின் கீழ் உதடுதான் ஒளியைப் பிடிக்கும்.

9 ஜனவரி, இரவு 9.15

இனி ரோமம்.

டிரை பிரஷ் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. சங்கிலிக் கவசத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை, படையணியாக நிறைய உருவம் அடிப்பவர்களுக்கு அது வரம். ஆனால் அது எழும்பி நிற்கும் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி வெளுக்கும். தோள்மேல் உள்ள ரோமமும் அக்குளுக்குக் கீழ் உள்ள ரோமமும் ஒரே வெளிச்சம் ஆகிவிடும். அதனால்தான் உங்களுக்குக் கோடு கிழித்த தோலாகத் தெரிகிறது.

முதலில் ரோமத்தை மறந்துவிடுங்கள். அது ஒரு போர்வை. போர்வைக்கு வெளிச்சம் எங்கே, மடிப்பு எங்கே என்று பெரிய பிரஷால் தீட்டுங்கள். தோள்மேல் வெளிர், மடிப்புக்குள் கருமை. தூரத்தில் நின்று பார்த்தால் கனமான துணி என்று தெரிய வேண்டும். அது வந்த பிறகுதான் முடி.

அப்புறம் எந்த மிருகம் என்று கேளுங்கள். ஓநாயின் உடலில் இரண்டு அடுக்கு: அடியில் அடர்த்தியான மெல்லிய முடி, மேலே நீண்ட முரட்டு முடி. அந்த நீண்ட முடி ஒரே நிறம் இல்லை; வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி வரும், சாம்பல் ஓநாயின் முதுகில் நுனி பெரும்பாலும் கறுப்பு. அதாவது நுனியை வெளுக்கும் டிரை பிரஷ், ஓநாய் முதுகுக்கு நேர் எதிர்! வெளிர் நிறம் விலாவிலும் காலிலும் வயிற்றிலும் இருக்கிறது. நுனி வெளுத்த ரோமம் வேண்டும் என்றால் வட அமெரிக்காவின் கிரிஸ்லி கரடியைப் பாருங்கள், அதற்கு டிரை பிரஷ் பொருத்தம். பனிக்கரடியின் முடியில் நிறமியே கிடையாது, அடியில் தோல் கறுப்பு. பார்க்கத் தந்த நிறமாக, சில நேரம் மஞ்சளாகவே இருக்கும். அதைச் சுத்த வெள்ளையால் அடித்தால் பஞ்சாகத்தான் தெரியும்.

ஓநாய்க்கு எங்கே போவது என்று ஒருவர் கேட்டிருந்தார். கீரியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு முடியிலும் வெளிர், கரும் வளையங்கள், அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்தால் உப்பும் மிளகும் தூவியது போல ஒரு சாம்பல். வரிப்பூனையின் கழுத்து முடியை விரலால் பிரித்துப் பார்த்தாலும் இதே பட்டைகள் தெரியும்.

முடி இழுக்கும் முறை: வேரிலிருந்து நுனிக்கு இழுங்கள். நேற்றுச் சொன்ன அதே காரணம், பெயிண்ட் நுனியில் தங்கும். ஒரே நீளத்தில் போடாதீர்கள். முடி கற்றை கற்றையாகச் சேர்ந்து நிற்கும், ஒவ்வொரு கற்றையின் முதுகில் மட்டும் சில கோடுகள். பாதிக்கு மேல் இடத்தைத் தொடவே கூடாது. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1502இல் வரைந்த முயல் வியன்னாவில் அல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடியில் பரந்த நீர்வண்ணம், மேலே வேண்டிய இடத்தில் மட்டும் ஒற்றை ஒற்றை முடி. காது, மார்பு, தொடை என்று ஒவ்வொரு இடத்திலும் முடி போகும் திசை வேறு. நானும் ஒவ்வொரு ரோம வேலைக்கு முன்னாலும் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

போர்வையின் உள்பக்கம் பதப்படுத்திய தோல். அங்கே வெளிர்ப்பழுப்பு, கொஞ்சம் மடிப்பு, அழுக்கு. அதை ரோம நிறத்திலேயே அடித்து விட்டுவிடாதீர்கள்.

9 ஜனவரி, இரவு 9.40

மேலே எழுதியதில் முக்கியமானது விட்டுப்போனது. ரோமத்தில் சுத்த வெள்ளையும் சுத்தக் கருமையும் வேண்டாம். அந்த இரண்டு எல்லைகளையும் கவசத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ரோமம் நடுநிறங்களில், மென்மையான எல்லைகளோடு இருக்கட்டும். பக்கத்தில் மென்மை இருந்தால்தான் எஃகு கடினமாகத் தெரியும். பெர்லினில் உள்ள "தங்கத் தலைக்கவசம் அணிந்த மனிதன்" படம் இதற்கு நல்ல பாடம். வெகுகாலம் ரெம்பிராண்ட் வரைந்தது என்றே நம்பப்பட்ட படம், 1980களின் ஆய்வுக்குப் பிறகு அவரைச் சுற்றி இருந்தவர்களின் வேலை என்று முடிவானது. யார் வரைந்தால் என்ன, தலைக்கவசத்தில் பெயிண்டைக் கட்டி கட்டியாக அப்பி ஒளியைக் குவித்துவிட்டு, முகத்தையும் உடையையும் நிழலில் அடக்கி வைத்திருக்கிறார். அந்த அடக்கம் இல்லை என்றால் தங்கம் தங்கமாக இருக்காது.

10 ஜனவரி, காலை 8.00

பிரஷ் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். ரோமம் தீட்ட பிரஷ் முடியின் நீளம் முக்கியம் இல்லை, நுனி கூடி நிற்க வேண்டும். 000 அளவு வேண்டாம், அதில் பெயிண்ட் தங்காமல் பரப்பைத் தொடும் முன் காய்ந்துவிடும். நல்ல நுனியுள்ள 1ஆம் எண் போதும். கொலின்ஸ்கி சேபிள் சிறந்தது, அது சைபீரிய மரநாய் இனத்தின் வால் முடி. விலை அதிகம். செயற்கை முடி பிரஷ் நுனி நாளடைவில் வளையும், ஆனால் மெட்டாலிக்குக்கும் வாஷுக்கும் தாராளமாகப் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். யாராவது கீரி முடி பிரஷ் என்று கொடுத்தால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு, அந்த பிரஷை விற்பது குற்றம். 2019இல் "ஆபரேஷன் கிளீன் ஆர்ட்" என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை நடத்திப் பிடித்தார்கள். அந்த முடிக்காகக் கீரிகளைக் கொல்கிறார்கள். பொம்மை ஓநாய்க்கு உயிர் கொடுக்க உண்மையான ஒரு விலங்கைக் கொல்லக் கூடாது.

15 ஜனவரி, மாலை 5.10

பொங்கலுக்குப் புளி போட்டுத் துலக்கிய பித்தளைப் பாத்திரம் எல்லார் வீட்டிலும் இன்னும் வெளியில்தான் இருக்கும். உள்ளே வைப்பதற்கு முன் அதையும் பாருங்கள். எவர்சில்வரில் வெளிச்சம் வெள்ளையாகவே திரும்பும். பித்தளையில் திரும்பும் வெளிச்சத்திலேயே மஞ்சள் ஏறியிருக்கும், நிழல் செம்பழுப்புக்கும் ஆலிவ் பச்சைக்கும் போகும். பொன் நிற அலங்காரத்துக்கு நிழலில் கறுப்பு போடாமல் செம்பழுப்பு வாஷ் போடச் சொல்வது இதனால்தான்.

களிம்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சைக் களிம்பு செம்பு, பித்தளை, வெண்கலத்துக்கு மட்டும். இரும்புக்குத் துரு, அது ஆரஞ்சும் பழுப்பும். எஃகுத் தகட்டில் பச்சை ஒழுகும் உருவங்களை அடிக்கடி பார்க்கிறேன். ரிவெட் பித்தளை என்று முடிவு செய்தால் அதைச் சுற்றி மெல்லிய பச்சை சரி. துருவும் எல்லா இடத்திலும் வராது: தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடுக்கு, ரிவெட்டின் அடி, தண்ணீர் தங்கும் மூலை. கவசத்தை உடுத்துபவன் அதைத் துடைப்பவனாகவும் இருப்பான், இல்லை என்றால் அவனுக்காகத் துடைக்க ஒருவன் இருப்பான். போர்த்தலைவன் என்றால் மார்புத் தகடு துலங்க வேண்டும்.

18 ஜனவரி, இரவு 10.20

கேள்வி கேட்டவர் புதுப் படம் போட்டிருக்கிறார். வலது தோள் அருமையாக வந்திருக்கிறது! அந்த இருட்டுப் பட்டையைத் துணிந்து போட்டதற்குப் பாராட்டு. இடது கணைக்காலில் இரண்டாவது வெளிச்சம் இன்னும் வரவில்லை, பின்பக்க ஓரத்தில் நீலம் கலந்த நடுச் சாம்பல் ஒரு பட்டை போடுங்கள்.

ரோமமும் கழுத்துத் தகடும் சந்திக்கும் இடம் வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறது. அங்கே இரண்டு வேலை. தகட்டின் மேல் ரோமத்தின் பழுப்பை நன்றாக நீர்த்து மெல்லிய கிளேஸ்: கவசம் பக்கத்தில் இருப்பதைத் திருப்பிக் காட்டும், வான் ஐக்கின் சிவப்பு போல. அப்புறம் ரோமத்தின் ஓரத்திலிருந்து சில முடிகளைத் தகட்டின் மேல் விழ விடுங்கள். அவற்றுக்குக் கீழே மெல்லிய நிழல்.

19 ஜனவரி, காலை 9.30

வார்னிஷ் கேட்டவருக்கு: மேட் (மினுக்காத) வார்னிஷை முழு உருவத்துக்கும் அடித்து அப்படியே விட்டால் மெட்டாலிக் மங்கிவிடும். முதலில் உருவம் முழுக்க மேட், அது நன்றாகக் காய்ந்த பிறகு கவசத்துக்கு மட்டும் பிரஷால் சாட்டின் (மிதமாக மினுக்குவது). ஆக வெளிச்சமான புள்ளிகளில் ஸ்டார்ம்ஹோஸ்டை வார்னிஷுக்குப் பிறகு மறுபடி தொட்டால் மினுக்கம் குறையாது. ரோமம் மேட்டாகவே இருக்கட்டும். ஓநாய்த் தலை போர்வையோடு இருந்தால் அதன் மூக்கிலும் ஈறிலும் ஒரு துளி கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ். மழைக்காலத்தில் ஸ்ப்ரே வார்னிஷ் வேண்டாம், காற்றில் ஈரம் இருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். பிரஷால் பூசும் வகையை வாங்குங்கள்.